கருவி ஜன்னலும் என் மூக்குக்கண்ணாடியும்

விமானப்படையில் கருவிக் களஞ்சியம் பார்ப்பவனுக்கு வேலை ஒன்றுதான்: காலையில் கொடுத்ததை மாலையில் திரும்ப வாங்க வேண்டும். கலியாண வீடுகளுக்குக் கதிரை வாடகைக்கு விடுகிறவர்கள், நூலகத்தில் புத்தகம் கொடுக்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்கு ஏணியை இரவல் கொடுத்துவிட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், உங்கள் எல்லோருக்கும் இந்தத் துயரம் தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் திருகோணமலை, லிங்கநகர் ஆள். வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில், திருத்துக் கொட்டகையின் கருவி அறையில் பதினெட்டு வருடம் நின்றுவிட்டு, நாற்பத்தேழாவது வயதில் ஊருக்குத் திரும்பி வந்தனான். துறைமுகக் குடாவின் அந்தக் கரையில் இருக்கிற விமானப்படைத் தளத்தில் அதே வேலைக்கு ஒரு சிவிலியன் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கிடைத்தது. ஆனால் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதில் தேறினால்தான் நிரந்தரம். தேறாவிட்டால் திரும்பவும் விசா, திரும்பவும் பாலைவனம், திரும்பவும் மனைவியையும் மகளையும் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது. இந்தத் துணுக்குகள் எல்லாம் அந்த ஆறு மாதத்துக்குள் நடந்தவை.

முதல் கேள்வி

நேர்முகத் தேர்வில் எதிரே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பொறியியல் அதிகாரி; ஃப்ளைட் லெப்டினன்ட், பெண், வயது இருபத்தெட்டு இருக்கும். தளத்தில் எல்லோருக்கும் அவர் 'மேடம்'தான். பக்கத்தில் சார்ஜன் ஜயசேகர. விமானங்களைத் திருத்துகிறவர்களுக்கு மூத்தவர், என்னிலும் ஒரு வயது இளையவர். என் அப்பா தென்பகுதி ஊரொன்றில் தபால் கந்தோரில் இருந்தவர். அதனால் ஏழாம் வகுப்பு வரை சிங்களத்திலும் பிறகு இங்கே தமிழிலும் படித்தவன் நான். கேள்விகள் சிங்களத்தில் வந்தன, பதில்களும் சிங்களத்தில் போயின. அவர்கள் சொன்னதை இங்கே என் தமிழில்தான் தருகிறேன்.

மேடம் கேட்டார்: "நீங்கள் கருவி கொடுக்கிற ஜன்னலில் ஒரு ஸ்பனர் காணவில்லை. முதலில் என்ன செய்வீர்கள்?" தேடுவேன் என்றேன். "அதற்கு முதல்?" யோசித்தேன். கதவைப் பூட்டுவேன் என்றேன். மேடம் எதையோ எழுதினார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு எழும்பினேன். வாசல் வரை கூட வந்த சார்ஜன் மெல்லிய குரலில் சொன்னார்: "முதலில் சொல்ல வேணும் அண்ணன். தேடுறதுக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்."

சிவப்பு உருவங்கள்

களஞ்சியத்தின் மூன்று சுவர்களிலும் மூன்று பலகைகள். ஒவ்வொரு கருவியும் தொங்கும் இடத்தில் அதன் உருவம் சிவப்புப் பெயின்ரால் அடித்திருக்கும். ஸ்பனரை எடுத்தால் சிவப்பு ஸ்பனர் ஒன்று சுவரில் மிஞ்சும். எடுத்தவர் தன் இலக்கம் வெட்டிய பித்தளை டோக்கனை அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மாலை நாலரைக்கு எண்ணிக்கை. ஒன்று குறைந்தாலும் எல்லா விமானங்களின் ஆசனத்திலும் சிவப்பு அட்டை ஏறும். குறைந்த கருவி கிடைக்கும் வரை ஒன்றும் பறக்காது. தரையில் நிற்கும்போது விமானத்துக்குள் மறந்து விட்ட ஸ்பனர் ஆகாயத்தில் சும்மா கிடக்காது, விமானம் சரியும்போது தானும் உருண்டு போய் எங்கேயாவது செருகிக்கொள்ளும்.

வளைகுடாவில் இதையெல்லாம் கணினி பார்த்தது. சிவப்புப் பெயின்ரையும் பித்தளையையும் கண்டு முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஒரு கிழமைக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. கதவைத் திறந்து ஒரு தரம் கண்ணை ஓட்டினால் போதும், என்ன எவரிடம் இருக்கிறது என்று சுவரே சொல்லிவிடும். இந்த ஆசையில் வீட்டுக் குசினிச் சுவரில் அகப்பை, கத்தி, தேங்காய் துருவும் அலகு எல்லாவற்றையும் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறத் தொடங்கினேன். மனைவி மலர் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "இன்னும் ஒரு கோடு கீறினீங்கள் எண்டா, உங்களையும் சுவரில சாத்தி வைச்சுக் கீறி விடுவன்."

விங் கமாண்டர் கேட்ட டோர்ச்

கொழும்பிலிருந்து பரிசோதனைக்கு ஒரு விங் கமாண்டர் வந்தார். விமானக் கொட்டகையான ஹாங்கரைச் சுற்றி வந்தவர் என் ஜன்னலில் நின்று, சின்ன டோர்ச் லைட் ஒன்று வேண்டும் என்றார். அவருடைய தோள்பட்டைக் கோடுகளைப் பார்த்ததும் என் கை தானாகவே டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நீண்டுவிட்டது. பின்னால் நின்ற சார்ஜன் என் முழங்கையைப் பிடித்தார். "சேர், டோக்கன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் என் கையை விடவில்லை.

பதவிகளின் படிக்கட்டு உள்ள இடம் அது. யார் யாருக்குச் சல்யூட் அடிப்பது, யார் எந்த மேசையில் சாப்பிடுவது என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. ஆனால் விமானத்துக்குப் பக்கத்தில் அந்தப் படிக்கட்டு தலைகீழாகிவிடும். இயந்திரம் பார்த்த கோப்ரல் முதலில் கையெழுத்து வைப்பார். அதற்குக் கீழேதான் விமானி, அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், தன் கையெழுத்தை வைத்துவிட்டு ஏறலாம். கோப்ரல் வைக்க மாட்டேன் என்றால் பறப்பு இல்லை. இதை அறிந்தவர்தான் அந்த விங் கமாண்டரும். டோக்கன் இல்லாததால் கைமணிக்கூட்டைக் கழற்றிச் சிவப்பு டோர்ச்சின் மேல் மாட்டினார். ஒரு மணித்தியாலம் கழித்து டோர்ச்சைத் தந்து மணிக்கூட்டை வாங்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள் கேட்காமல் தந்திருந்தால் அதைத்தான் அறிக்கையில் முதலாவதாக எழுதியிருப்பேன்."

பறக்காத ஆள்

ஊரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "நீங்கள் பிளேன் ஓடுறீங்களோ?" இல்லை என்றால் முகம் சுருங்கிவிடும். விமானப்படை என்றால் விமானிகள் என்றுதான் சனத்தின் எண்ணம். மலரின் தமையன், என் மச்சான், கட்டைபறிச்சானில் வயல் செய்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தபோது அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பல ஸ்குவாட்ரன்கள், ஒவ்வொன்றிலும் பறக்கிற பகுதி ஒன்று, திருத்துகிற பகுதி ஒன்று. ஒருவர் மேலே போவதற்குக் கீழே இயந்திரக்காரர், மின்சாரக்காரர், வானொலிக்காரர், எரிபொருள்காரர், வானிலை பார்ப்பவர், தீயணைப்பவர், சமைப்பவர் என்று ஒரு சின்ன ஊரே நிற்கிறது என்று. அந்த ஊரின் ஒழுங்கைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது என்றும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன்.

மச்சான் குறுக்கே பேசாமல் கேட்டார். இறால் குழம்பு நன்றாயிருக்கிறது என்று தங்கச்சியிடம் சொன்னார். பிறகு எழும்பிக் கை கழுவிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அந்தச் சத்தம் கேட்டா பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள ஓடின ஆக்கள் மச்சான் நாங்கள்; நீங்கள் அதுக்கு ஸ்பனர் எண்ணுறீங்கள்."

நாற்பத்து மூன்றாம் இடம்

மச்சானுக்குக் கை துடைக்கத் துவாய் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் வேலைக்குப் போனேன். அவ்வளவுதான்.

முதல் பலகைதான் மிகவும் பழையது. உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரர் இந்த ஓடுபாதையைப் பாவித்தபோது செய்தது என்பது சார்ஜனின் கதை. நாடு சுதந்திரம் பெற்றபின் நமக்கென்று ஒரு விமானப்படை தொடங்கியது. முதல் தளபதிகளும் வெள்ளைக்காரர்தான்; அவர்களுடைய பதவிப் பெயர்கள், சல்யூட், படிவங்கள், தேநீர் நேரம் எல்லாவற்றோடும் இந்தப் பலகையும் வந்து சேர்ந்தது. அதில் நாற்பத்து மூன்று இடங்கள். கடைசி இடத்தில் ஒரு மரச் சுத்தியலின் உருவம். மரமும் துணியுமாக விமானம் இருந்த காலத்துச் சாமான். சுத்தியலைக் கண்டவர் எவரும் இப்போது தளத்தில் இல்லை. ஆனாலும் தினமும் எண்ணிக்கையில் அந்த இடத்துக்கு வந்து, "நாற்பத்து மூன்று, இல்லை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தை மூடுவார்கள்.

வந்த புதிதில் நான் சார்ஜனிடம் கேட்டேன்: காணாமல் போன ஒன்றை ஏன் இவ்வளவு காலமாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், அந்த உருவத்தை அழித்துவிடலாமே என்று. காணாமல் போவது என்ற வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் எவ்வளவு பாரம் என்று அவர் நினைத்துப் பார்த்தாரோ இல்லையோ தெரியாது. பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது காணாமல் போகவில்லை அண்ணன், அது இல்லை என்று எங்களுக்குத் தெரியும்."

வெள்ள நாள்

மார்கழியில் ஆறு பெருகி வெருகல் பக்கம் முழுக்கத் தண்ணீர். சனம் பள்ளிக்கூடத்து மாடியில் ஏறி நிற்கிறதாம். மச்சானின் மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது; எட்டு மாதக் கர்ப்பிணி. ஹெலிகாப்டர் ஒன்று எங்கள் தளத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பியது. ஏதோ ஒரு மூடியை இறுக்குவதற்கு ஐந்து கருவிகள் போயின. விசிறி சுழலத் தொடங்கிவிட்டது, கருவிகள் இன்னும் என் ஜன்னலுக்கு வரவில்லை. எனக்குப் பொறுக்க ஏலாமல் போனது. "போகட்டும் சார்ஜன், பிறகு எண்ணலாம்" என்று கத்தினேன். "அவசரமான நாளில்தான் மறப்போம்" என்று அவரும் கத்திவிட்டு மழைக்குள் ஓடிப்போய் ஐந்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஐந்தும் சிவப்பு உருவங்களில் போய் உட்கார்ந்த பிறகுதான் கட்டைவிரலைக் காட்டினார். ஹெலிகாப்டர் எழும்பியது.

பின்னேரம் மச்சானின் அழைப்பு வந்தது. பின்னால் ஒரே இரைச்சல். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. ஒரு வசனம் சொன்னார், தொடர்பு அறுந்துவிட்டது: "மச்சான், உங்கட ஹெலி வந்து பிள்ளையை ஏத்திட்டுது."

சார்ஜனின் கண்

இனித்தான் என் பிழையின் கதை. எனக்கு வாசிக்கிற கண்ணாடி இல்லாமல் எழுத்துப் பிடிபடாது. ஜயசேகரவுக்கும் அந்த வயது வந்துவிட்டது. ஆனால் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. கண் பரிசோதனையில் விழுந்தால் விமானத்தை விட்டுத் தூக்கி ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்த்திவிடுவார்கள் என்ற பயம். நான் வந்த புதிதில் ஒரு நாள் ஜன்னலில் நின்று ஒரு சின்ன எழுத்தைக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மத்தியானம் வாங்குவார், வேலை முடியத் தருவார்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பகிடியாக, டோக்கன் எங்கே என்று கேட்டேன். அதைக் கேட்டதோடு நான் விட்டிருக்கக் கூடாது. சார்ஜன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்: "இது கருவி இல்லையே அண்ணன், இது உங்கட முகம்தானே."

எள்ளளவு ஆணி

ஆறு மாதம் முடிய மூன்று கிழமை இருந்தது. மாலை நாலரை. கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. எண்ணிக்கைப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கக் கண்ணாடியை மாட்டினேன். இடது பக்கக் கால் கழன்று மேசையில் விழுந்தது. காலைப் பிடித்திருந்த சின்னத் திருகாணி இல்லை. ஓர் எள்ளின் அளவு. அன்று காலைதான் டவுனில் கண்ணாடிக் கடையில் கொடுத்து அதை இறுக்கியிருந்தேன். மத்தியானம் முழுக்க அந்தக் கண்ணாடி சார்ஜனின் மூக்கில், பயிற்சி விமானம் ஒன்றின் கருவித் தட்டுக்குக் கீழே, மல்லாந்து படுத்தபடி இருந்தது.

மேசைக்குக் கீழே தவழ்ந்து தேடினேன். நிலத்தைக் கூட்டினேன். இல்லை. புத்தகத்தின்படி ஒன்றும் குறையவில்லை. நாற்பத்து மூன்றைத் தவிர எல்லாச் சிவப்பும் மூடியிருந்தது. நாளைக்குக் கடையில் இன்னோர் ஆணி போட்டால் கதை முடிந்தது. சொன்னால், பலகையில் இல்லாத சாமானை ஐந்து மாதமாக ஜன்னலால் கொடுத்தவன் நான் என்பது வெளியே வரும். சார்ஜனின் கண் வெளியே வரும். அதற்கு மேலே ஒன்று: இந்தத் தளத்தின் கருவி ஜன்னலில் நிற்கும் ஒரே தமிழன் நான். விமானத்துக்குள் இரும்பு விழுந்தது, கொடுத்தவன் இவன் என்றால், பிழை என்ற சொல்லுக்கு முதல் வேறொரு சொல் சிலருடைய வாயில் வரும். அதை என் வயதுக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஹாங்கர் பைப்படியில் சார்ஜன் கை கழுவிக்கொண்டிருந்தார். கால் கழன்ற கண்ணாடியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பார்த்தார். சவர்க்கார நுரை முழங்கையால் வடிய வடிய அப்படியே நின்றார். என்னிலும் அவருக்குத்தான் இழப்பதற்குக் கூடுதலாக இருந்தது. பிறகு பைப்பைப் பூட்டி, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வாங்கோ, முதலில் சிவப்பு அட்டையைப் போடுவோம், எங்கட பயத்தைப் பிறகு பார்ப்போம்."

தேடியவர்கள்

ஏழு விமானங்களுக்கும் சிவப்பு அட்டை ஏறியது. வீட்டுக்குப் போகப் பஸ்ஸில் ஏறியிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். ஒருவர் முகத்திலும் சினம் இல்லை. இது எவருக்கும் நடக்கக்கூடியது என்பது போல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். மேடம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சார்ஜன் வேலை செய்த விமானத்துக்குள் தானே இறங்கினார். ஆசனம் கழன்றது, நிலத்தட்டு கழன்றது. கழன்ற ஒவ்வோர் ஆணியையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார்கள். தேட வேண்டிய இருவருக்கும், எனக்கும் சார்ஜனுக்கும், கண்ணாடி இல்லாமல் கிட்ட இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பேரும் சிறகுக்குக் கீழே கதிரை போட்டுக் குற்றவாளிகளைப் போல் உட்கார்ந்திருந்தோம்.

குடாவில் வெயில் மங்கும் நேரத்தில் மேடத்தின் கை வெளியே வந்தது. விரலில் சுற்றிய ஒட்டுநாடாவின் நுனியில் அந்த ஆணி. இடது பெடலின் கீழ், அது திரும்புகிற முட்டுக்குப் பக்கத்தில் கிடந்ததாம். டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு பயிலுநர் அதிகாரி. குருநாகல் பிள்ளை, அடுத்த நாள் காலை முதல்முறையாகத் தனியே பறக்க இருந்தவள். கிட்ட வந்து ஆணியைப் பார்த்தாள், பிறகு எங்கள் இருவரையும் பார்த்தாள். "சொன்னதற்கு நன்றி அங்கிள். நாளைக்கு அந்தப் பெடலை மிதிக்க இருந்தது நான்தான்."

மேடத்தின் மேசை

அடுத்த நாள் காலை இருவரும் மேடத்தின் முன் நின்றோம். நான் வாயைத் திறக்க முதலே சார்ஜன் தன் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார். மேடம் அவரைக் கண் வைத்தியரிடம் அனுப்பும் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். கண்ணாடி போட்டால் விமானத்தைத் தொடக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லையாம்; இரண்டு வருடமாக அவர் பயந்தது இல்லாத ஒரு சட்டத்துக்கு.

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் பாலைவனத்துக்குப் போகிற விமானத்தை மனத்தில் கண்டுவிட்டேன். "நேற்று நீங்கள் பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால், இன்றைக்கு உங்களை அனுப்பியிருப்பேன். நீங்கள் சொன்னபடியால், பிழை உங்களில் இல்லை, கண்ணாடிக்கு இடம் வைக்காத பலகையில்" என்றார்.

எண்ணிக்கை

மூன்று கிழமையில் நிரந்தரக் கடிதம் வந்தது. மலர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு அலுமாரிக்குள் சேலைகளுக்குக் கீழே வைத்தாள். குசினிச் சுவரில் பென்சில் கோடுகளை அழிக்க வேண்டாம் என்றும் சொன்னாள். அதைத்தான் நான் உண்மையான நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டேன். மச்சானுக்குப் பேரன் பிறந்து நாற்பது நாள். பங்கர் கதையை அவர் திருப்பி எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. பங்கருக்குள் ஓடியதும் ஹெலி வந்து ஏற்றியதும், இரண்டும் நடந்தவை.

அந்தத் திங்கட்கிழமை களஞ்சியத்தைத் திறந்தபோது பெயின்ர் மணந்தது. பழைய பலகையில், மரச் சுத்தியலின் வெறும் உருவத்துக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு சிவப்பு உருவம்: இரண்டு வட்டம், நடுவில் ஒரு வளைவு, இரண்டு பக்கமும் கால். கீழே ஓர் ஆணி, இலக்கம் நாற்பத்து நான்கு. வெள்ளிக்கிழமை மேசையில் விட்டுப் போன என் கண்ணாடி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடி ஒன்று, அதில் திருகாணிகள் நாலு, வில்லைகள் இரண்டு என்று எண்ணிக்கைப் புத்தகத்திலும் ஏறியிருந்தது. நான் அதை எடுத்து முகத்தில் மாட்டப் போனேன். ஜன்னலுக்கு வெளியே, புதுக் கண்ணாடி போட்ட சார்ஜன் கையை நீட்டிக்கொண்டு நின்றார்: "அண்ணன், டோக்கன்."

பதினெட்டு வருடம் வெளியே நின்றுவிட்டு வந்தவனுக்கு ஊரில் இடம் இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: இருக்கிறது, முதல் பலகையில் நாற்பத்து நான்காவதாக, என் மூக்கின் அளவுக்குச் சரியாகக் கீறி, மாலை நாலரைக்குள் திருப்பி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.